ரீலோடிங்ல பிரஷர் ஏறினா எப்படி தெரியும்: ரைஃபிள் கேஸ் காட்டிக் குடுக்கும், ஷாட்கன் ஷெல் வாயே திறக்காது

ரீலோடிங்னா சுட்ட காலிக் கேஸ்ல புது ப்ரைமர், பவுடர், குண்டு போட்டு மறுபடி தோட்டாவாக்குறது. ரைஃபிளுக்கு ரொம்ப நாளா அப்படி லோட் பண்ணிட்டு, அப்புறம் பறக்குற களிமண் தட்டை (க்ளே) சுடுற ட்ராப், ஸ்கீட்னு 12 கேஜ் ஷாட்கன் பக்கம் வர்றவங்க பெரும்பாலும் ஒரே வேலையத்தான் செய்றாங்க, சுட்டு முடிச்ச ஹல்லை (ஷாட்கன் தோட்டாவோட காலிக் கூடு) வெளிச்சத்துல திருப்பி ப்ரைமரை (அடில இருக்கிற, பின் தட்டினா பத்திக்கிற சின்ன மூடி) உத்துப் பாத்துட்டு "தட்டையாகல, அப்ப பிரஷர் ஓகே"ன்னு அடுத்த பாக்ஸுக்கு போயிடுறாங்க. .308 மாதிரி ரைஃபிள் தோட்டால அந்தப் பார்வைக்கு கொஞ்சமாச்சும் மதிப்பு இருக்கு. 12 கேஜ்ல சுத்தமா கிடையாது. இது முழுக்க அமெரிக்கா நிலவரத்தை வச்சு எழுதுறது, அங்க சொந்த உபயோகத்துக்கு வீட்டுல ரீலோட் பண்றது சாதாரண விஷயம். இந்தியால 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறதே குத்தம், அதனால ஊர்ல தாத்தா வச்சிருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கிய நினைச்சுக்கிட்டு யாரும் கிளம்ப வேண்டாம்.

முதல்ல நம்பரைப் பாருங்க. அமெரிக்க துப்பாக்கி, தோட்டா கம்பெனிகளோட தர அமைப்பான எஸ்ஏஏஎம்ஐ வச்சிருக்கிற உச்ச பிரஷர் .308 வின்செஸ்டருக்கு 62,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு பவுண்ட்), .270க்கு 65,000, .223க்கு 55,000, 9 எம்எம்முக்கு 35,000. 12 கேஜ் 2¾ இன்ச், 3 இன்ச் ரெண்டுக்குமே 11,500தான், 20 கேஜுக்கு 12,000, 3½ இன்ச் 12 கேஜுக்கு மட்டும் 14,000. இப்ப "பிரஷர் அறிகுறி"ன்னு நாம சொல்றது என்ன? உலோகம் தாங்க முடியாம விட்டுக்குடுத்த தடம், அவ்வளவுதான். ரைஃபிள் கேஸோட பித்தளை அடிப்பாகம் அப்படி விட்டுக்குடுக்க ஆரம்பிக்கிறது சுமார் 60,000ல இருந்து 70,000 பிஎஸ்ஐ பக்கம். அதாவது பித்தளைங்கிறது கீழ்ப்பக்கம் அளக்கவே தெரியாத ஒரு தெர்மாமீட்டர். .308ல லிமிட்டும் பித்தளை இளகுற இடமும் பக்கத்து பக்கத்துல இருக்கிறதால அது கொஞ்சம் உதவும். 12 கேஜ்ல லிமிட்டை ரெண்டு மடங்கு தாண்டி 23,000 போனாலும் அடில இருக்கிற மெட்டல் பாட்டுக்கு சும்மா இருக்கும், ஆனா பேரல் அப்படி இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல, ஏன்னா ஷாட்கன் பேரல், தோட்டா உக்கார்ற சேம்பரைத் தாண்டினதுமே மெலிஞ்சு முன்பக்கம் போகப் போக ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துடும்.

இதை மனசுல வச்சுக்கிட்டு கீழ இருக்கிறதைப் படிங்க.

ப்ரைமர் தட்டையா இருக்கு

ரைஃபிள்ல: புது ப்ரைமரோட ஓரம் லேசா உருண்டு இருக்கும், சுட்டப்புறம் அந்த வளைவு கொஞ்சமாவது மிச்சம் இருந்தா நார்மல். ஓரம் பாக்கெட் (ப்ரைமர் உக்கார்ற குழி) விளிம்பு வரைக்கும் பரவி, கேஸும் ப்ரைமரும் ஒரே தகடு மாதிரி ஆயிட்டா சந்தேகப்படலாம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்ல. ஃபெடரல் ப்ரைமர் கப் கொஞ்சம் மெத்து, சீக்கிரம் தட்டையாகும், சிசிஐ 450 மாதிரி கனமான கப் அதே லோட்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்திருக்கும். இன்னொண்ணு, சுட்ட கேஸை பழைய அளவுக்கு சுருக்குற சைஸிங் டை, ஷோல்டரை (கேஸ் கழுத்துக்குக் கீழ இருக்கிற சரிவு) அளவுக்கு மேல பின்னாடி தள்ளிடுச்சுன்னா ஹெட்ஸ்பேஸ் (கேஸ் அடிக்கும், பின்னாடி சேம்பரை மூடுற போல்ட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) கூடிடும், சுடும்போது ப்ரைமர் முதல்ல வெளிய தள்ளிக்கிட்டு வரும், அப்புறம் கேஸ் நீண்டு போல்ட் முகத்துல வந்து மோதி அதே ப்ரைமரை நசுக்கி உள்ள தள்ளும், பாக்க ஓவர் பிரஷர் மாதிரியே இருக்கும், ஆனா லோட் சாதாரணமானது. ஸ்டார்ட்டிங் லோட்லயே தட்டையா வருதுன்னா பவுடரைக் குறைக்கிறதுக்கு முன்னாடி சுட்ட கேஸையும் சைஸ் பண்ண கேஸையும் கம்பாரேட்டர் (ஷோல்டர் வரைக்கும் நீளம் அளக்குற கருவி) போட்டு அளந்து பாருங்க.

ப்ரைமர் சுட்டப்புறம் வெளிய துருத்திக்கிட்டே நிக்குதுன்னா அது நேர் எதிர், பிரஷர் கம்மி. .30-30ல மெது லோட் போடுறவங்களுக்கு இது பழகின காட்சி.

ஷாட்கன்ல: 209ங்கிற ஷாட்கன் ப்ரைமர் ஃபேக்டரி ஷெல்லுலயே பல தடவை தட்டையாத்தான் தெரியும். இதுல படிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல, விட்டுடுங்க.

ஃபயரிங் பின் குழியைச் சுத்தி கரை கட்டியிருக்கு, இல்ல ப்ரைமர் ஓட்டை விழுந்திருக்கு

கரை கட்டுறதுக்கு பாதி நேரம் காரணம் போல்ட்ல இருக்கிற பின் ஓட்டை பெருசா இருக்கிறதுதான். அதே துப்பாக்கில ஃபேக்டரி தோட்டா நாலு சுட்டுப் பாருங்க, அதுலயும் கரை வந்தா துப்பாக்கியோட குணம். உங்க லோட்ல மட்டும் வந்தா லோடோட குணம். ஓட்டை விழுந்து காத்து பின்னாடி அடிச்சுதுன்னா வேற பேச்சே இல்ல, நிறுத்தணும், போல்ட் முகத்துல சின்ன வட்டமா அரிச்ச தடம் விழுந்திருக்கும், பின் முனையும் சிதைஞ்சிருக்கலாம், ரெண்டையும் பாத்துட்டுத்தான் மறுபடி சுடணும். .223 போடுறவங்க ரெமிங்டன் 6½ ப்ரைமரை எடுக்காதீங்க, அது .22 ஹார்னெட் மாதிரி மெது தோட்டாவுக்கானது, கப் மெல்லிசு, .223க்கு 7½தான்.

மடக்குற ஷாட்கன்ல சுட்டதும் துப்பாக்கி திறக்க மாட்டேங்குதுன்னா ப்ரைமர் உலோகம் பின் ஓட்டைக்குள்ள பிதுங்கி மாட்டியிருக்கலாம், பின் ஸ்பிரிங் ஒடஞ்சு பின் உள்ள போகாமலும் இருக்கலாம். பழைய துப்பாக்கில ரெண்டாவதுதான் ஜாஸ்தி. ஆனாலும் அந்த பாக்ஸை ஓரமா எடுத்து வச்சிட்டு ஃபேக்டரி ஷெல் போட்டு சோதிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கேஸ் அடில பளபளன்னு ஒரு புள்ளி

ரைஃபிள்ல நான் ரொம்ப மதிக்கிற அறிகுறி இதுதான். போல்ட் முகத்துல, காலிக் கேஸை வெளிய தள்ளுற எஜெக்டர் ப்ளஞ்சருக்கு ஒரு வட்ட ஓட்டை இருக்கும், பிரஷர் எல்லை தாண்டினா பித்தளை அந்த ஓட்டைக்குள்ள இளகிப் போய் மேடு கட்டும், போல்டை தூக்கும்போது அந்த மேடு சீவப்பட்டு கண்ணாடி மாதிரி மின்னும். கேஸை விரல் நுனியில வச்சு ஜன்னல் வெளிச்சத்துல மெதுவா சாய்ச்சுப் பாருங்க, ஹெட்ஸ்டாம்ப் (கேஸ் அடில அச்சடிச்சது) எழுத்து மேல பாதி வட்டமா ஒரு மினுக்கு ஓடும், "வின்" அப்படிங்கிற எழுத்துல ஒரு கால் அழிஞ்ச மாதிரி இருக்கும், நகத்தால தடவினா லேசா தட்டுப்படும். தட்டுப்பட்டா நீங்க 65,000 பக்கத்துலயோ அதுக்கு மேலயோ இருக்கீங்க, அன்னிக்கு லோட் மேனுவல்ல (ரெசிபி புத்தகம்) இருக்கிற நம்பரை விட கம்மியா போட்டிருந்தாலும் சரி. உங்க பேரல், உங்க கேஸ், உங்க லாட் பவுடர், இதெல்லாம் சேர்ந்தது மேனுவல் காரங்க டெஸ்ட் பண்ணதுல இருந்து வேற. ரெண்டு படி கீழ இறங்குங்க.

மெத்துப் பித்தளை உள்ள சில பிராண்டுல இது கொஞ்சம் முன்னாடியே வந்துடும். எண்ணெய் படிஞ்ச கேஸ், ஈரமான சேம்பர் இருந்தாலும் வரும், ஏன்னா கேஸ் சுவரு சேம்பரைப் பிடிக்காம மொத்த உந்தலும் போல்ட் மேல போகுது. சைஸிங் லூபை (டைக்குள்ள போக கேஸ்ல தடவுற வழுக்கு எண்ணெய்) துடைக்காம லோட் பண்றவங்க கவனிங்க.

ஷாட்கன்ல இந்த அறிகுறியே கிடையாது. 11,500க்காக செஞ்ச துப்பாக்கில உலோகத்தை ஓட்டைக்குள்ள இளக வைக்கிற பிரஷர் வந்துச்சுன்னா, கேஸ் அடியைப் பாக்க நீங்க உக்காந்திருக்க மாட்டீங்க.

போல்ட் தூக்க கஷ்டமா இருக்கு, ஹல் சேம்பர்ல மாட்டிக்குது

ரைஃபிள்ல போல்ட் கைப்பிடி வழக்கத்தை விட கனமா இருந்தா நிறுத்துங்க. ஆனா எங்க கனமா இருக்குன்னு கவனிச்சா காரணம் பிரியும். தூக்க ஆரம்பிக்கும்போதே இறுக்கமா இருந்து கூடவே மேல சொன்ன பளபளப்பும் இருந்தா பிரஷர். தூக்கிட்டு உச்சில போகும்போது மட்டும் ஒரு "க்ளிக்" வருதுன்னா பலமுறை சுட்ட கேஸோட அடி பெருத்து, டை அதை சுருக்க முடியாம விட்டிருக்கும், கேஸை மாத்துங்க இல்ல அடியை இன்னும் சுருக்குற ஸ்மால் பேஸ் டை பாருங்க. சுடாத தோட்டாவே உள்ள போக மறுக்குதுன்னா அது சைஸிங், இல்ல கேஸ் நீளம். நீளத்தை லேசா எடுத்துக்காதீங்க. .308ல உச்ச நீளம் 2.015 இன்ச், ட்ரிம் 2.005, அதைத் தாண்டினா கழுத்து சேம்பர் முனைல இடிச்சு புல்லட்டை கவ்விக்கும், பவுடர் கரெக்டா இருந்தாலும் பிரஷர் எகிறும்.

.357 மாதிரி ரிவால்வர்ல கேஸ் தட்டித்தான் வெளிய வருதுன்னா அதை நம்புங்க, அங்க ப்ரைமரை விட இதுதான் உருப்படியான சேதி.

ஷாட்கன்ல ஹல் மாட்டுறதுக்கு பெரும்பாலும் பிரஷர் காரணமே இல்ல. மலிவு விலை ப்ரமோ ஷெல்லுல அடி பித்தளை இல்ல, முலாம் போட்ட ஸ்டீல், அது விரிஞ்சா திரும்ப சுருங்க சோம்பேறித்தனம் பண்ணும், சேம்பர்ல பிளாஸ்டிக் படிஞ்சிருந்தா இன்னும் மோசம். வெண்கல பிரஷ்ல சேம்பரை நல்லா தேய்ச்சிட்டு, அதே ஹல்லோட ஃபேக்டரி ஷெல் ஒண்ணும் உங்க ரீலோட் ஒண்ணும் சுட்டு அடியோட விட்டத்தை காலிப்பர்ல அளங்க. ரீலோட் மட்டும் தெளிவா பெருசா வந்தா அப்ப பயப்படுங்க.

ப்ரைமரைச் சுத்தி கரி

ரைஃபிள்ல ப்ரைமர் ஓரத்துல கருப்பு வளையம் வந்தா பாக்கெட் லூஸ். அஞ்சாறு தடவைக்குள்ள புதுக் கேஸோட பாக்கெட் லூஸ் ஆகி ப்ரைமர் விரலால தள்ளினாலே உள்ள போகுதுன்னா லோட் ஓவர், அதுல மறுபேச்சு இல்ல. பத்து பதினஞ்சு தடவை சுட்ட கேஸ்னா வயசு.

ஷாட்ஷெல்லுல ப்ரைமர் ஓரத்துல இருந்து நாக்கு நீட்டின மாதிரி ஒரு பக்கமா கரி ஓடியிருக்கும். பாத்ததும் பதறுவாங்க. பெரும்பாலும் கதை இதுதான்: தட்டுப்பாடு நேரத்துல கிடைச்ச செட்டைட் இல்லைன்னா ஃபியோக்கி ப்ரைமரை வின்செஸ்டர் ஏஏ, ரெமிங்டன் எஸ்டிஎஸ் ஹல்லுல அழுத்தியிருப்பாங்க, ஐரோப்பிய ப்ரைமர் ஒரு இழை பெருசு, பாக்கெட் விரிஞ்சிடும், அடுத்த ரவுண்டு அமெரிக்க ப்ரைமர் போடும்போது காத்து கசியும். இதுல பிரஷர் பிரச்சனை இல்ல, ஆனா ஹல்லை தூக்கிப் போடுங்க, கசியுற காத்து போல்ட் முகத்தை அரிக்கும். ஒரு தடவை ஐரோப்பிய ப்ரைமர் போட்ட ஹல்லுக்கு கடைசி வரைக்கும் அதையே போடுறது நல்லது, தனி பக்கெட்ல வச்சுக்கோங்க.

க்ரோனோகிராஃப் (குண்டு வேகம் அளக்குற கருவி) எதிர்பார்த்ததை விட ஜாஸ்தி காட்டுது

ரைஃபிள்ல இதை நான் ப்ரைமரை விட நம்புவேன். அதே நீள பேரல்ல மேனுவல் மேக்ஸிமம் வேகத்தை நீங்க ரெண்டு படி முன்னாடியே தொட்டுட்டீங்கன்னா, வேகம் சும்மா வராது, பிரஷர் குடுத்துத்தான் வாங்கியிருக்கீங்க. பித்தளை எதுவும் காட்டலைன்னாலும் மேக்ஸிமத்துல இருக்கீங்கன்னு எடுத்துக்கோங்க.

ஷாட்கன்ல இதே கணக்கைப் போட்டா ஏமாந்துடுவீங்க. ஒரே 1⅛ அவுன்ஸ் ஷாட், ஒரே செகண்டுக்கு 1,200 அடி வேகம், ஒண்ணுல ரெட் டாட் மாதிரி வேகமா எரியுற பவுடர், இன்னொண்ணுல யூனிவர்சல் மாதிரி நிதானமானது, க்ரோனோகிராஃப்ல ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க, உள்ள பிரஷர் சில ஆயிரம் பிஎஸ்ஐ வித்யாசப்படும். தோள்ல வர்ற அடியும் அப்படித்தான், அது வெளிய போற எடையையும் வேகத்தையும் பொறுத்தது, சேம்பர்ல ஒரு கணம் எகிறின உச்சத்தை தோள் உணராது. "கிக் சாஃப்டா இருக்கு, அதனால சேஃப் லோட்" அப்படிங்கிறவர் பக்கத்துல நிக்காதீங்க.

"ப்ளூப்" சத்தம், உதை இல்ல

ஷாட்கன்ல காதுக்கு கேக்குற ஒரே நேர்மையான அறிகுறி இது, ஆனா இது பிரஷர் கம்மின்னு சொல்ற அறிகுறி. பவுடர் கம்மி, வாட் (பவுடருக்கும் ஷாட்டுக்கும் நடுவுல இருக்கிற பிளாஸ்டிக் கப்) சாய்ஞ்சு உக்காந்தது, கிரிம்ப் (ஷெல் வாயை மடிச்சு மூடுன மடிப்பு) தளர்வு, ஈரம் பட்ட ப்ரைமர், இல்ல குளிர் காலைல மெதுவா எரியுற பவுடர், எதுவா வேணா இருக்கலாம். அடுத்த க்ளேயை கூப்பிடாதீங்க. துப்பாக்கி வாயை பாதுகாப்பான திசைல வச்சு அரை நிமிஷம் காத்திருந்து, காலி பண்ணி, பேரல் வழியா வானத்தைப் பாருங்க. வட்டமான வெளிச்சம் முழுசா தெரியணும். வாட் உள்ள தங்கியிருக்க பின்னாடி அடுத்த ஷெல்லை சுட்டா பேரல் நடுவுல மோதிரம் போட்ட மாதிரி வீங்கும், இல்ல கிழியும். நடுவுல வீங்கின பேரலுக்கு காரணம் பெரும்பாலும் அடைப்பு, சேம்பர்ல கிழிஞ்சா பெரும்பாலும் லோட். இந்த ஒரு வித்யாசம் தெரிஞ்சா பாதி விவாதம் முடிஞ்சிடும்.

இதோட முடியல. ப்ராக்ரெஸிவ் பிரஸ்ல (ஒவ்வொரு இழுப்புலயும் பல ஷெல்லுல வேலை நடக்கிற லோடிங் மெஷின்) செதில் மாதிரி இருக்கிற பவுடர் சார்ஜ் குழாய்ல பாலம் கட்டி நிக்கும், ஒரு ஷெல்லுக்கு அரைகுறையா விழும், அடுத்த அதிர்வுல பாலம் உடைஞ்சு மிச்சமும் சேர்ந்து அடுத்த ஷெல்லுக்குள்ள கொட்டும். அதாவது ப்ளூப் அடிச்ச ஷெல்லோட தம்பி அதே பாக்ஸ்ல ஓவர்லோடா இருக்கலாம். எல்லாரும் ப்ளூப்பைப் பாத்து சிரிச்சிட்டு மீதி பாக்ஸை சுட்டுத் தீர்ப்பாங்க, அதைச் செய்யாதீங்க. மீதியில கிரிம்பைப் பாருங்க, நடுவுல குழிஞ்சிருந்தா உள்ள சரக்கு கம்மி, மூட மாட்டாம வாய் பொளந்திருந்தா ஜாஸ்தி.

எந்த அறிகுறியும் இல்ல

ஷாட்கன்ல கவலைப்பட வேண்டிய அறிகுறி இதுதான். ஹல் சுத்தமா வந்துச்சு, ப்ரைமர் அழகா இருக்கு, க்ளே பொடியாச்சு, 16,000 பிஎஸ்ஐ லோடும் இப்படியேதான் இருக்கும்.

ரைஃபிள்ல மேக்ஸிமத்துல இருந்து ஒரு 10 சதவீதம் கீழ ஆரம்பிச்சு படிப்படியா ஏறி அறிகுறி பாத்து நிக்கலாம், அதுக்கும் ஹாட்ஜ்டன் ஹெச்110 மாதிரி விதிவிலக்கு உண்டு, அதை 3 சதவீதத்துக்கு மேல குறைக்காதேன்னு கம்பெனியே சொல்லுது. ஷாட்ஷெல்லுல ஏறுறதும் இல்ல, இறங்குறதும் இல்ல. ஹல், ப்ரைமர், பவுடர், வாட், ஷாட் எடை, அஞ்சும் மேனுவல்ல எப்படி இருக்கோ அப்படியே. "ப்ரைமர்தானே, 209னா 209"ன்னு சிசிஐ 209 இருக்க வேண்டிய இடத்துல ஃபெடரல் 209ஏ போட்டா மட்டுமே பிரஷர் ஆயிரக்கணக்குல மாறலாம், ஏற்கனவே 10,500ல இருந்த லோட் லிமிட்டைத் தாண்டிடும். உள் பக்கம் சரிவா இருக்கிற ஏஏ ஹல்லுக்கான ரெசிபியை நேர் சுவர் செட்டைட் ஹல்லுல போட்டாலும் மாறும். கிரிம்பை ஆழமா அழுத்தினாலும் ஏறும். லெட் ஷாட் ரெசிபில ஸ்டீல் ஷாட்டை ஊத்துறது கதவைத் திறந்து வச்சு ஆபத்தை கூப்பிடுறது, ஸ்டீலுக்கு வாட், பவுடர் எல்லாமே தனி டேட்டா.

ஐரோப்பிய டேட்டால பார் கணக்கு இருக்கும், சிஐபி (ஐரோப்பிய தோட்டா தர அமைப்பு) முறைல சாதாரண 12/70க்கு (70 மில்லிமீட்டர் 12 கேஜ்) 740 பார், அது சுமார் 10,700 பிஎஸ்ஐ. பழைய அமெரிக்க புத்தகத்துல எல்யூபி (ஈயத்துண்டு நசுங்குறதை வச்சு அளந்த பிரஷர்) இருக்கும், அதை பிஎஸ்ஐயா நினைச்சுப் படிக்காதீங்க, ரெண்டும் வேற வேற அளவு முறை.

சேம்பரையும் அளங்க. 3 இன்ச் ஷெல் 2¾ இன்ச் சேம்பர்ல சமர்த்தா உக்காரும், ஏன்னா 3 இன்ச்ங்கிறது கிரிம்ப் விரிஞ்சப்புறம் வர்ற நீளம். சுடும்போது வாய் விரிய இடமில்லாம, சேம்பருக்கு முன்னாடி குறுகுற கோன்ல நெரிக்கும், பிரஷர் ஏறும், ஹல் மட்டும் வாய் கொஞ்சம் பிஞ்ச மாதிரி வரும், அதையும் பழைய ஹல்னு நினைச்சுடுவாங்க.

இந்தப் பிரச்சனை ஷாட்கனுக்கு மட்டும் சொந்தமில்ல. .45 கோல்ட்டுக்கு லிமிட் 14,000 பிஎஸ்ஐ, .38 ஸ்பெஷலுக்கு 17,000, பழைய .45-70க்கு 28,000. பித்தளை கேஸ்தான், ஆனா பித்தளை பேசுற பிரஷருக்கு ரொம்ப கீழ. பழைய ரிவால்வர்ல "அறிகுறி வர்ற வரைக்கும் ஏறுவேன்"னு போறவருக்கு சிலிண்டர்தான் முதல் அறிகுறி.

சந்தேகப்பட்ட பாக்ஸை என்ன பண்றது

முதல்ல பிரஸ்ல இப்ப விழுற சார்ஜை பத்து தடவை தராசுல போடுங்க, புஷிங் (எவ்வளவு பவுடர் விழணும்னு முடிவு பண்ற துளை வளையம்) சார்ட்டை நம்பாதீங்க, மெக் கம்பெனி சார்ட்ல போட்டிருக்கிறதை விட பல பிரஸ்ல கம்மியாத்தான் விழும், சிலருக்கு ஜாஸ்தியா விழும், கை அடிக்கிற வேகத்துக்கே மாறும். புஷிங் மேல இருக்கிற நம்பரும் எந்த கம்பெனியோடதுன்னு பாருங்க, மெக் நம்பரும் ஹார்னடி நம்பரும் ஒண்ணு இல்ல. எல்லாம் சரியா இருந்தும் சந்தேகம் போகலைன்னா பிரஷர் டெஸ்ட் பண்ற லேப் அமெரிக்கால இருக்கு, காசு கட்டி ஷெல்லை அனுப்பலாம். இல்லைன்னா கிரிம்பை கத்தியால வெட்டி ஷாட்டை ஒரு டப்பாலயும் வாட்டை ஒரு டப்பாலயும் கொட்டிட்டு, பவுடரை மட்டும் திரும்ப கேன்ல ஊத்தாம தோட்டத்துப் புல் மேல மெல்லிசா தூவிடுங்க. வெட்டின ஹல்லுல ப்ரைமர் உயிரோட இருக்கும், குப்பைல போடாதீங்க, வெறும் ப்ரைமரோட துப்பாக்கில போட்டு ரேஞ்ச்ல காது மூடி போட்டு தட்டிட்டு அப்புறம் எறியுங்க.